ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல

சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு கம்ப்யூட்டர் திறந்து கிடந்தது. பவர் பட்டனை அழுத்தினால் மூன்று ஃபேன்களும் சுற்றின. கிராபிக்ஸ் கார்டில் விளக்கு எரிந்தது. மானிட்டர் மட்டும் ‘நோ சிக்னல்’ என்று ஒரு கட்டத்தைக் காட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டது. மகன் பக்கத்தில் நின்று, “அம்மா, மத்தியானம் வரைக்கும் நல்லாத்தானே ஓடிட்டிருந்தது?” என்றான். உண்மைதான். மத்தியானத்துக்குப் பிறகு அதில் கை வைத்தது நான்தான்.

2018 தீபாவளிக்கு உள்ளூர்க் கடை ஒன்றில் சொல்லிக் கட்டிய சிஸ்டம் அது. பி450 மதர்போர்டு, ரைசன் 3 2200ஜி பிராசசர், 8 ஜிபி ரேம் ஒன்று, 240 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்ட் டிஸ்க். கிராபிக்ஸ் கார்டு கிடையாது. 2200ஜியின் உள்ளேயே வேகா 8 என்ற கிராபிக்ஸ் இருந்ததால் தேவைப்படவும் இல்லை. மகன் கட்டடக்கலை படிக்கிறான். மூன்றாம் ஆண்டுக்கு வந்ததும், வரைந்ததை நிஜம் போன்ற படமாக்கும் ரெண்டர் போட்டால் சிஸ்டம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. முழுசாகப் புதிது வாங்கக் கையில் காசு இல்லை. ஆனால் போர்டில் பிராசசர் உட்காரும் அதே ஏஎம்4 சாக்கெட்டில் ரைசன் 5 5600 உட்காரும். 4 கோர் இருந்த இடத்தில் 6 கோர், 12 த்ரெட். சென்னையில் இருக்கும் தம்பி ரிச்சி தெருவில் ஒரு பிராசசரும் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டும் பழையதாக வாங்கி அனுப்பினான். இரண்டு 8 ஜிபி ரேம் மட்டும் புதிதாக நான் வாங்கினேன்.

நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். இப்போது செய்வது கணக்கு எழுதும் வேலை என்றாலும் மல்டிமீட்டரும் சால்டரிங் அயனும் வீட்டில் உண்டு. மிக்சி, அயர்ன் பாக்ஸ், எமர்ஜென்சி லைட் எல்லாம் பிரித்துப் போட்டு மாட்டிய அனுபவம் இருக்கிறது. அதனால் வந்த தைரியத்தில் பிராசசர், ரேம், கிராபிக்ஸ் கார்டு மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றினேன். மூன்றை மாற்றிவிட்டு ஓடவில்லை என்றால் எதைச் சந்தேகப்படுவது? படித்த காலத்தில் லேபில் இதற்குத்தான் திட்டு வாங்கியிருக்கிறேன்.

பிராசசரைக் கழற்றிய கதையை முதலில் சொல்லிவிட வேண்டும், பின்னால் அதுதான் என்னைப் பழிவாங்கியது. ஏழு வருடத்தில், பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து கோந்தாகியிருந்தது. கூலரின் நான்கு ஸ்க்ரூக்களையும் கழற்றி நேராக மேலே இழுத்தேன். ‘டக்’ என்று வந்தது, அடியில் பிராசசரையும் ஒட்டிக்கொண்டு. ஏஎம்4 சாக்கெட்டில் லீவர் பூட்டியிருந்தாலும் பிராசசரை மேலிருந்து அழுத்திப் பிடிக்க எதுவும் கிடையாது. பின்களைப் பக்கவாட்டில் கவ்வும் பிடிதான். இன்டெல் போர்டுகளில் பிராசசர் மேல் ஒரு இரும்புச் சட்டம் இருக்கும், அங்கே இந்த ஆபத்து இல்லை. கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் சிஸ்டத்தை ஓட விட்டிருந்தால் பேஸ்ட் இளகியிருக்கும். அப்புறம் கூலரை இழுக்காமல், ஜாடி மூடியைத் திறப்பது போல இடமும் வலமும் மெல்லத் திருகியிருக்க வேண்டும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது நான் செய்தது, கூலரிலிருந்து பிராசசரை நகத்தால் நெம்பிப் பிரித்ததுதான். ‘இனி இது எதுக்கு’ என்று அதை மேசை டிராயருக்குள் போட்டேன். டிராயரில் ஸ்டேப்ளர், சேஃப்டி பின், பழைய சாவிக்கொத்து எல்லாம் இருந்தன.

இன்னொரு சில்லறைத் தொல்லை. இந்த வகைக் கூலரின் ஸ்க்ரூக்கள் போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு இரும்புத் தகட்டில்தான் மாட்டுகின்றன. கடைசி ஸ்க்ரூ வந்ததும் அந்தத் தகடு பின்பக்கம் விழுந்துவிடும். விழுந்தது. கேபினட்டைப் படுக்க வைத்து, மகனை அடியில் விரலால் தாங்கிப் பிடிக்கச் சொல்லித்தான் திரும்ப மாட்ட முடிந்தது.

சரி, டிஸ்ப்ளே வரவில்லை. சாதாரணமாகப் பார்க்க வேண்டியவற்றை முதலில் பார்த்தேன். மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில்தான் இருந்தது. கார்டுக்கான 8 பின் கரெண்ட் சொருகியிருந்தது. போர்டின் மேல் மூலையில் பிராசசருக்கென்று தனியாக வரும் 8 பின்னும் இருந்தது. அதைப் பலர் மறந்துவிடுவார்கள். அது இல்லாமலும் ஃபேன் எல்லாம் சுற்றும் என்பதால் சந்தேகமே வராது. கீபோர்டில் கேப்ஸ் லாக் அழுத்தினால் விளக்கு மாறவில்லை. அதாவது படம் மட்டும் வராமல் உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற ஆறுதலும் போனது. சிஸ்டம் எழுந்திருக்கவே இல்லை.

போர்டின் அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும் சிமாஸ் பேட்டரியைக் கழற்றி அளந்தேன். 3 வோல்ட் இருக்க வேண்டிய சிஆர்2032 நாணயத்தில் 2.6 இருந்தது. புதிது போட்டேன். அந்த அமைப்புகளை அழிக்கும் கிளியர் ஜம்பரையும் ஒரு தரம் ஷார்ட் செய்தேன். மாற்றம் இல்லை.

கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் கரெண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம் வந்தது. நம் ஊரில் எந்தச் சிஸ்டம் படுத்தாலும் முதல் பழி அதன் மேல்தானே. 24 பின் இணைப்பின் முதுகில் மல்டிமீட்டர் முனையை நுழைத்து ஓடும்போதே அளந்தேன். மஞ்சள் கம்பியில் 12.1, சிவப்பில் 5.04, ஆரஞ்சில் 3.3. மூன்றிலும் 5 சதவீதம் வரை கூடக்குறைய இருக்கலாம். 12 வோல்ட் என்றால் 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது. சாம்பல் நிறக் கம்பியிலும் 5 வோல்ட் வந்துகொண்டிருந்தது. ‘என் கரெண்ட் நிலையாகிவிட்டது, நீ ஆரம்பிக்கலாம்’ என்று எஸ்எம்பிஎஸ் போர்டுக்குக் கொடுக்கும் அனுமதி அது. அனுமதி கிடைத்தும் போர்டு ஆரம்பிக்கவில்லை.

இதற்கிடையில் கேபினட்டின் ஓரத்தில் முழங்கை பட்டு சுரீர் என்றது. லேசான ஷாக். டெஸ்டர் வைத்தால் கேபினட் ஸ்க்ரூவில் விளக்கு எரிகிறது. ஆகா, பிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் கேபினட்டுக்கும் நடுவே 108 வோல்ட் காட்டியது. எங்கோ போர்டு கேபினட்டில் ஷார்ட் ஆகிறது, அதனால்தான் எழவில்லை என்று நம்பி, போர்டு முழுவதையும் கழற்றி அட்டைப் பெட்டி மேல் வைத்து, போர்டைத் தூக்கி நிறுத்தும் ஸ்டேண்ட்-ஆஃப் எல்லாம் எண்ணிப் பார்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் போக்கினேன். காரணம் வேறு. எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெபாசிட்டர்கள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் அதன் உலோக உடம்புக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் கம்பி ஒழுங்காக இருந்தால் அந்தக் கசிவு பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் 230இல் பாதி கேபினட்டில் வந்து நிற்கும். நான் செருகியிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் திறந்தால், எர்த் கம்பியை யாரோ வெட்டி டேப் சுற்றி வைத்திருந்தார்கள். அதைச் சரி செய்ததும் ஷாக் நின்றது. டிஸ்ப்ளே வரவில்லை. தனியாக இன்னொரு கோளாறு கண்டுபிடித்த திருப்தி மட்டும் மிச்சம். உங்கள் வீட்டு கேபினட்டும் சுரீர் என்றால் இதைப் பாருங்கள்; கம்ப்யூட்டர் ஓடுகிறதோ இல்லையோ, இது மனிதருக்கு ஆபத்து.

போர்டு அட்டைப் பெட்டி மேல் இருந்தது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. பழைய சாமான் டப்பாவில் ஒரு குட்டி ஸ்பீக்கர் இருந்தது, நான்கு பின் ஓட்டைகளோடு விரல் நுனி அளவில். முன்பெல்லாம் எல்லா கேபினட்டிலும் வரும், இப்போது காணோம். அதைப் போர்டில் சொருகினேன். கார்டைக் கழற்றினேன். டிஸ்க் கேபிள்களை எடுத்தேன். கடைசியில் ரேமையும் முழுக்க உருவிவிட்டேன். பவர் பட்டன் கேபினட்டோடு போய்விட்டதால், ஸ்க்ரூ டிரைவர் நுனியால் பவர் ஸ்விட்ச் பின் இரண்டையும் ஒரு நொடி தொட்டு ஆன் செய்தேன்.

ரேம் இல்லாத போர்டு கத்த வேண்டும். நீளமாக, திரும்பத் திரும்ப. இது கத்தவில்லை.

அந்த மௌனம்தான் எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான தகவல். ரேம் இல்லை என்று புகார் செய்வதற்கும் பிராசசர் விழித்து, பயாஸ் சிப்பில் எழுதியிருக்கும், சிஸ்டத்தை எழுப்பும் ஆரம்பப் புரோகிராமை நாலு வரியாவது படித்திருக்க வேண்டும். புகாரே இல்லை என்றால் படிக்கவே ஆரம்பிக்கவில்லை என்று பொருள். ரேம், கார்டு, டிஸ்க், விண்டோஸ் எல்லாம் இந்த இடத்துக்குப் பின்னால் வருபவை. அவற்றை எத்தனை முறை கழற்றி மாட்டினாலும், ரப்பரால் தேய்த்துத் துடைத்தாலும் பயனில்லை. மிச்சம் இருப்பது மூன்று சாத்தியம்: போர்டு செத்திருக்க வேண்டும், வந்த பிராசசர் செத்திருக்க வேண்டும், அல்லது இரண்டும் உயிரோடு இருந்தும் ஒன்றை ஒன்று தெரியாமல் இருக்க வேண்டும்.

அந்த இரவே தெரிந்த கடைக்காரரிடம் போனில் கேட்டேன். “போர்டு போயிருக்கும்கா. ஏழு வருசம் ஆச்சுல்ல. கொண்டாங்க, வேற போட்டுரலாம்” என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. போனில் வேறு என்ன சொல்ல முடியும்? தம்பியைக் கூப்பிட்டேன். அவன் வாங்கியபோது கடையில் மாட்டி ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். “அவங்க போர்டு புதுசுக்கா” என்று ஒரு வார்த்தை சொன்னான். அந்தப் ‘புதுசு’ காதில் விழுந்த பிறகு தூக்கம் வரவில்லை.

எங்கள் போர்டு 2018இல் செய்தது. 5600 விற்பனைக்கு வந்தது 2022 ஏப்ரலில். சாக்கெட் ஒன்றுதான், பின் எண்ணிக்கை 1331 ஒன்றுதான், அதனால் உட்கார்ந்துவிடும். ஆனால் நான்கு வருடம் கழித்துப் பிறக்கப் போகும் பிராசசரை எப்படி எழுப்புவது என்று 2018இல் எழுதிய பயாஸுக்கு எப்படித் தெரியும்? காலையில் முதல் வேலையாகப் போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் என் மாடலின் பிராசசர் பட்டியலைத் திறந்தேன். ஒவ்வொரு பிராசசருக்கும் எதிரே, எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து ஓடும் என்று போட்டிருக்கிறார்கள். 5600க்கு எதிரே 2022இல் வந்த ஒரு பதிப்பு. எங்கள் போர்டில் இருந்தது வாங்கிய நாள் பதிப்பு. ஏழு வருடத்தில் பயாஸை யாரும் தொட்டதில்லை. நன்றாக ஓடும் பயாஸைத் தொடாதே என்பது பழைய பாடம், நானும் அப்படித்தான் இருந்துவிட்டேன்.

இந்தப் பட்டியலை வாங்குவதற்கு முன் பார்த்திருந்தால் சனிக்கிழமை இரவே இருந்திருக்காது.

சரி, பயாஸை மாற்றுவோம். மாற்றுவதற்குச் சிஸ்டம் ஓட வேண்டும். ஓடுவதற்கு இந்தப் பயாஸுக்குத் தெரிந்த பிராசசர் வேண்டும். சில போர்டுகளில் பின்பக்கம் ஒரு பட்டன் இருக்கும். பிராசசர் இல்லாமலே பென் டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றலாம். எங்களுடையதில் இல்லை. ஆக, டிராயர்.

சேஃப்டி பின்களுக்கு நடுவிலிருந்து 2200ஜியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு மூலையில் மூன்று பின்கள் சாய்ந்திருந்தன. ஒன்று பக்கத்துப் பின்னைத் தொட்டுக்கொண்டே இருந்தது. நெம்பியபோது வளைந்ததா, டிராயரில் வளைந்ததா என்று இனி யாரைக் கேட்பது. பின் ஒன்றின் தடிமன் தையல் ஊசியின் நுனி அளவுதான். ஒருமுறை வளைந்ததை நிமிர்த்தலாம். இரண்டு மூன்று தரம் முன்னும் பின்னும் ஆட்டினால் ஒடியும்.

இதற்கு ஏற்ற ஆயுதம் மகனின் பையில் இருந்தது. டிராயிங்குக்கு வைத்திருக்கும் மெக்கானிக்கல் பென்சில், 0.7 அளவு. உள்ளே இருந்த லெட்டை எல்லாம் தட்டி எடுத்துவிட வேண்டும், கிராஃபைட் தூள் மின்சாரம் கடத்தும். வெறும் உலோக மூக்கு பின்னின் மேல் தொப்பி போல உட்காரும். உட்கார்ந்ததும் ஒரே திசையில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்த வேண்டும். போனின் கேமராவைப் பெரிதாக்கி மகன் பிடித்துக்கொண்டான். பிறகு ஒரு பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பை வரிசைகளுக்கு நடுவே நான்கு பக்கமும் விட்டுப் பார்த்தோம். எல்லா வரிசையிலும் தடங்கல் இல்லாமல் போனது. அரை மணி நேர வேலை, தோள்பட்டை மூன்று நாள் வலித்தது. மேலே ஒட்டியிருந்த காய்ந்த பேஸ்ட்டை ஐசோபுரோப்பில் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தேன்.

பிராசசர் சாக்கெட்டில் தானாக விழ வேண்டும். பிராசசரின் தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்துக்கு நேராக வைத்து, லீவரைத் தூக்கிவிட்டால் தன் எடையிலேயே இறங்க வேண்டும். முதல் தரம் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. அழுத்தச் சொன்னது கை. அழுத்தவில்லை. வெளியே எடுத்து மூலைப் பின்னை இன்னும் ஒரு நூல் நிமிர்த்தி வைத்தேன், இறங்கியது. பழைய ரேம், கூலர், குட்டி ஸ்பீக்கர், அவ்வளவுதான். ஸ்க்ரூ டிரைவரால் தொட்டேன்.

‘பீப்.’

ஒரே ஒரு குட்டை பீப். எல்லாம் சரி என்று அர்த்தம். மகன் கைதட்டினான்.

அடுத்த பயம் கரெண்ட். பயாஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது கரெண்ட் போனால் அரைகுறையாக எழுதிய சிப்போடு போர்டு நிஜமாகவே செத்துவிடும். எங்கள் யுபிஎஸ்ஸின் பேட்டரி எப்போதோ போய், அது வெறும் பிளக் பாயிண்டாகத்தான் இருக்கிறது. வீட்டு இன்வெர்ட்டர் இணைப்பு கூடத்து டிவி பாயிண்டுக்கு மட்டும் உண்டு. எனவே எல்லாவற்றையும் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், டிஸ்க் கேபிள்களைத் திரும்பச் சொருகி, டிவியையே மானிட்டராக்கினோம். ஞாயிற்றுக்கிழமைப் படம் பார்க்க வந்த அத்தை, “என்னம்மா டிவி நீலமா வருது?” என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்ததும் சமையலறைக்குத் திரும்பிப் போனார்.

பயாஸ் ஏற்றுவது அதிக வேலையில்லை. பென் டிரைவை ஃபேட்32 வடிவில் ஃபார்மேட் செய்து, இறக்கிய ஜிப்பை விரித்துக் கோப்பை மட்டும் போட வேண்டும். மாடல் பெயரோடு போர்டில் அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண்ணையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று ரிவிஷன் வருவதுண்டு. சில போர்டுகளில் மிகப் பழையதிலிருந்து நேரே புதிதுக்குத் தாவ முடியாது, நடுவில் ஒரு பதிப்பைப் போட்டுத்தான் போக வேண்டும். அது இறக்கும் பக்கத்திலேயே எழுதியிருக்கும். இன்னொரு சங்கதி: ஏஎம்4 போர்டுகள் பலவற்றில் பயாஸ் சிப்பில் 16 எம்பி இடம்தான். புதிய பிராசசர்களுக்கு இடம் கொடுக்க மிகப் பழைய சில பிராசசர்களை வெளியேற்றிவிட்டார்கள். நம் பழைய பிராசசர் புதிய பதிப்பிலும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏற்றுவது புத்திசாலித்தனம். 2200ஜி இருந்தது.

ஐந்தாறு நிமிடம் ஓடியது. தானாக அணைந்தது, எழுந்தது, மறுபடி அணைந்தது. பிறகு ஒரு நிமிடத்துக்கு மேல் கறுப்புத் திரை. புதிய பயாஸ் ரேமை முதல் தடவை அளந்து பழகும் நேரம் அது, இந்தக் கட்டத்தில் பொறுமை இழந்து பட்டனை அழுத்தக் கூடாது. படம் வந்தது. அதில் வெள்ளை எழுத்தில் ஒரே வரி: ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ். விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கைக் காணோம் என்று பொருள்.

முந்தின இரவாக இருந்தால் அழுதிருப்பேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. நேற்று வண்டி வீட்டு வாசலையே தாண்டவில்லை. இன்று பிராசசர், ரேம், டிஸ்ப்ளே எல்லாம் கடந்து விண்டோஸ் வாசலில் வந்து நிற்கிறது. இரண்டுக்கும் ‘பூட் ஆகவில்லை’ என்றே சொல்கிறோம், ஆனால் மருந்து வேறு.

பயாஸுக்குள் போனால் எஸ்எஸ்டியின் பெயர் டிஸ்க் பட்டியலில் தெரிந்தது. பூட் வரிசையில் மட்டும் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற டிஸ்க் வரிசையில் இல்லையென்றால் கேபிளைக் குறை சொல்ல முடியாது. பயாஸ் மாற்றியதும் அமைப்புகள் எல்லாம் தொடக்க நிலைக்குப் போயிருந்தன; புதிய பதிப்பின் தொடக்க நிலையில் சிஎஸ்எம் அணைந்திருந்தது. சிஎஸ்எம் என்பது பழைய முறையில் பூட் ஆகும் டிஸ்க்குகளுக்காக யுஇஎஃப்ஐ என்ற புதிய வகைப் பயாஸ் வைத்திருக்கும் பின்வாசல். 2018இல் சிஸ்டம் கட்டியபோது விண்டோஸ் 10ஐ எம்பிஆர் என்ற அந்தப் பழைய முறையில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பின்வாசல் மூடியதும் அந்த டிஸ்க் வெளியே நின்றுவிட்டது. சிஎஸ்எம்மைத் திறந்தேன், விண்டோஸ் வந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது; 11க்குப் போக யுஇஎஃப்ஐ வேண்டும். எப்படியும் ஒரு நாள் செய்ய வேண்டிய வேலை. மகனின் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு, டிஸ்க்கைப் புதிய ஜிபிடி முறைக்கு மாற்ற விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியை நிர்வாகி உரிமையுள்ள கறுப்புச் சாளரத்தில் ஓட்டினேன். முதலில் வேலிடேட், அது பச்சைக்கொடி காட்டிய பிறகு கன்வெர்ட். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே செய்வதால் இரண்டிலும் ‘அலோஃபுல்ஓஎஸ்’ சேர்க்க வேண்டும். டிஸ்க்கில் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் இருந்தாலோ, பிரைமரி நான்கு இருந்தாலோ அது மறுத்துவிடும், எங்களுடையதில் இரண்டுதான். முப்பது நொடி கூட ஆகவில்லை. திரும்ப பயாஸுக்குப் போய் சிஎஸ்எம்மை மூடினேன். வரிசையில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்று புதிதாக ஒரு பெயர் வந்திருந்தது.

இப்போதுதான் 5600. இந்தத் தடவை சிஸ்டத்தைப் பத்து நிமிடம் சூடாக ஓடவிட்டு, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கூலரைத் திருகிக் கழற்றினேன். பிராசசர் சாக்கெட்டிலேயே இருந்தது. 5600ஐ வைத்து, நடுவில் பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து, நான்கு ஸ்க்ரூவையும் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். கார்டைச் சொருகி, பழைய ரேமோடே ஆன் செய்தேன்.

பீப் வந்தது. டிஸ்ப்ளே இல்லை. இரண்டு நிமிடம் தலை சுற்றியது. பிறகு பார்த்தால், டிவியிலிருந்து வந்த கேபிளை மகன் போர்டின் எச்டிஎம்ஐயில் சொருகியிருக்கிறான். பாவம், ஏழு வருடமாக அங்கேதான் சொருகிப் பழக்கம். 2200ஜியின் ‘ஜி’தான் அந்தத் துளைக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தது. 5600க்குள் கிராபிக்ஸ் கிடையாது. இனி அந்த எச்டிஎம்ஐ வெறும் ஓட்டை. கார்டுக்கு மாற்றினோம், படம் வந்தது.

படத்தோடு ஒரு கேள்வியும் வந்தது. புதிய பிராசசர் வந்திருக்கிறது, எஃப்டிபிஎம் (ரகசியச் சாவிகளைக் காக்கும் பகுதி) சேமிப்பு மாறிவிட்டது, அழிக்க ‘ஒய்’ அழுத்து, வைத்திருக்க ‘என்’ அழுத்து என்று. இங்கே அவசரப்படக் கூடாது. டிஸ்க் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டில் பூட்டியிருந்தால் சாவியின் ஒரு பகுதி அங்கேதான் இருக்கும். ஒய் அழுத்தினால் விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். அந்த எண் கையில் இல்லையென்றால் டிஸ்க்கில் இருப்பதை மறந்துவிட வேண்டியதுதான். எங்கள் டிஸ்க் பூட்டவில்லை என்று முன்பே பார்த்திருந்ததால் ஒய் அழுத்தினேன். விண்டோஸ் ஏதேதோ டிரைவர் தேடி, ஒரு முறை தானாக ரீஸ்டார்ட் ஆகி, மகனின் வால்பேப்பரோடு திறந்தது.

கடைசியாகப் புதிய ரேம். சனிக்கிழமை இரண்டையும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் போட்டிருந்தேன், அது ஒரே சேனல், அதாவது இரண்டுக்கும் ஒரே பாதை. பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது என்பதுதான் முறை. போட்டு ஆன் செய்தால் நீண்ட பீப், விட்டு விட்டு. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குச் சிரிப்புதான் வந்தது; குறை சொல்லத் தெரிந்த போர்டோடு குடித்தனம் நடத்திவிடலாம். எங்கள் ஸ்லாட்டில் கிளிப் ஒரு பக்கம்தான். கிளிப் இல்லாத முனை அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றிருந்தது. அழுத்தியதும் ‘கிளக்’. 16 ஜிபியும் 2666 வேகத்தில் வந்தது. ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைத் திறந்துவிட்டதும் இரண்டு முறை தானாக அணைந்து எழுந்து 3200இல் நின்றது. பழைய 8 ஜிபியையும் சேர்த்துப் போடலாமே என்று மகன் கேட்டான். வேண்டாம் என்றேன். வேகம் வேறான ரேம்களைச் சேர்த்துப் போட்டு இன்னொரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிக்க எனக்கு இஷ்டமில்லை.

இரவு ஏழு மணிக்கு டிவி அத்தையிடம் திரும்பிப் போனது. 5600 வந்த பிளாஸ்டிக் பெட்டி காலியாக இருந்தது. அதில் 2200ஜியைப் பின்கள் மேலே தெரியாமல் வைத்து, பழைய ரேமையும் குட்டி ஸ்பீக்கரையும் ஒரு கவரில் போட்டு அதோடு ரப்பர் பேண்டால் கட்டினேன். டிராயரில் அல்ல, பீரோவில், நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.